திருத்துவோர் வளையம்

ருஷ்ய மொழியில் 'ரெவிஸோர்' என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கியம் அறிந்த எவருக்கும் நினைவில் எழுவது கோகோலின் நாடகம்தான். 1836ல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய அந்நாடகத்தில், தலைநகரிலிருந்து வரவிருக்கும் தணிக்கையாளருக்கு அஞ்சி நடுங்கும் ஒரு சிற்றூரின் அதிகாரிகள், விடுதியில் கடன்பட்டுக் கிடக்கும் வெற்று இளைஞன் ஒருவனை அவரென்று எண்ணி வணங்கி, கையூட்டுக் கொடுத்து, விருந்தும் வைக்கிறார்கள். அவன் கிளம்பிப் போனபின் உண்மையான தணிக்கையாளர் வந்திறங்கிய செய்தி வருகிறது. மேடையிலுள்ளோர் அனைவரும் கல்லாய்ச் சமைந்து நிற்கத் திரை விழுகிறது. கல்லூரிகளுக்கு ஆய்வுக்குழு வரும் நாளின் சுண்ணாம்பு வாசனையை முகர்ந்த எவருக்கும் இந்நாடகத்துக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, சோவியத் ஆட்சியின் கீழிருந்த லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில், பொருளாதாரம் பயின்ற ஒரு பெண்மணி இரு மனிதர்களுக்கு இடையிலான ஓர் உறவுக்குப் பெயர் தேடியபோது இதே சொற்குடும்பத்திலிருந்துதான் எடுத்தார். அந்த உறவு 'ரெவிஸியா', அதாவது தணிக்கை. அதில் ஒருவர் தணிக்கையாளர், மற்றவர் தணிக்கைக்கு உட்பட்டவர். இவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். கணவன் மனைவியாக, நண்பர்களாக, தாயும் மகளுமாக இருக்கலாம். ஒருவருடைய இயல்பே மற்றவருக்குத் தணிக்கையாக அமைந்துவிடுகிறது என்பதுதான் அவரது கூற்று.

அவர் பெயர் ஔஷ்ரா அகுஸ்தினாவிச்சியூத்தே. லித்துவேனிய மொழியில் ஔஷ்ரா என்றால் வைகறை. 1927ல் பிறந்து 2005ல் மறைந்தவர். நீண்ட குடும்பப்பெயர் பிறநாட்டு நாவுகளுக்கு இடறியதால் அகுஸ்தா என்று சுருக்கியும் எழுதினார். 1970களில் அவர் உருவாக்கிய கோட்பாட்டுக்கு 'சோஷியோனிக்ஸ்' என்று பெயரிட்டார். மனிதரில் 16 வகையினர் உண்டு, அந்த 16 வகையும் சேர்ந்ததே ஒரு முழுச் சமூக உயிர் என்பது அதன் அடிப்படை. அம்முழுமைக்கு அவர் இட்ட பெயர் 'சோஷியோன்'. தனிமனிதன் அதன் ஓர் உறுப்பு மட்டுமே.

இதன் வேர்கள் இரண்டு. ஒன்று கார்ல் யுங் 1921ல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய பெருநூல். மற்றது போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த உளநோய் மருத்துவர் அந்தோனி கெம்பின்ஸ்கியின் 'தகவல் வளர்சிதைமாற்றம்' என்ற கருத்து. உடல் உணவை ஏற்றுச் செரித்து வளர்வதுபோல உள்ளமும் தகவலை ஏற்றுச் செரிக்கிறது என்றார் அவர். போர்க்காலத்தில் ஸ்பெயினின் தடுப்பு முகாமொன்றில் அடைபட்டிருந்தவர், பின்னாளில் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்தவர், 1972ல் மறைந்தவர். ஔஷ்ரா இவ்விரண்டையும் இணைத்தார். ஒவ்வொரு வகையினரும் சிலவகைத் தகவலை எளிதில் செரிக்கிறார்கள், சிலவகைத் தகவல் அவர்களுக்குச் செரிப்பதே இல்லை. எனவே ஒருவர் உமிழும் தகவல் மற்றவருக்கு உணவாகவும் ஆகலாம், நஞ்சாகவும் ஆகலாம்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். வகைகள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள இயலுமா என்ற வினா ஔஷ்ராவுக்கு முன்பே எழுந்தது. 1913ல் மியூனிக்கில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில்தான் யுங் தன் அகமுகம், புறமுகம் என்ற பகுப்பை முன்வைத்தார். ஃபிராய்டும் அவரும் கடைசியாகச் சந்தித்துக்கொண்டதும் அங்குதான். அவ்வளவு நெருங்கியிருந்த இருவர் ஒரே நோயாளியைப் பார்த்து இருவேறு உண்மைகளை எப்படிக் காண்கிறார்கள் என்ற புதிர் யுங்கைக் குடைந்தது. 1915ல் அவர் ஒரு சோதனையில் இறங்கினார். பேசல் நகரத்து மருத்துவரும் தன் நண்பருமான ஹான்ஸ் ஷ்மிட் கீஸான் என்பவருடன் இதைப் பற்றிக் கடிதம் வழி உரையாடுவது என்று முடிவாயிற்று. யுங் அகமுகத்தவர், ஷ்மிட் புறமுகத்தவர். எதிரெதிர் வகையினர் இருவர் தம் வேறுபாட்டைத் தாமே பேசித் தெளியலாம் என்பது நம்பிக்கை.

தெளிவு பிறக்கவில்லை. கடிதங்கள் நீள நீளக் கசப்பும் சேர்ந்தது. ஒருவர் விளக்கம் என்று எழுதியதை மற்றவர் குற்றச்சாட்டாகப் படித்தார். 1916ல் அந்த உரையாடல் உடன்பாடின்றியே நின்றது. ஆனால் நட்பு நிற்கவில்லை. 1921ன் நூலில் யுங் ஷ்மிட்டுக்குக் கடன்பட்டிருப்பதை முன்னுரையிலேயே சொன்னார். ஷ்மிட் எழுதிய நூலொன்றுக்கு 1931ல் முன்னுரையும் அளித்தார். கடிதங்களில் சிந்தனையையும் அகமுகத்தையும் ஒன்றாகவும், உணர்வையும் புறமுகத்தையும் ஒன்றாகவும் கொண்டு வாதிட்டவர், நூலில் அவற்றைத் தனித்தனி அச்சுகளாகப் பிரித்துவிட்டார். தோற்றுப்போன உரையாடல் ஒன்று எங்கோ வேலை செய்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அக்கடிதங்கள் ஆங்கிலத்தில் 2013ல் நூலாக வந்தன. யுங்கின் பெருநூலைவிட இந்தச் சிறுநூலே எனக்கு உகந்தது. அறிஞர் இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் திணறுவதை இவ்வளவு அருகிலிருந்து காணும் வாய்ப்பு அரிது.

யுங்கும் ஷ்மிட்டும் சமமான எதிர்த்தரப்புகள். ஒருவரை ஒருவர் ஒரே அளவில் பாதித்தனர். ஔஷ்ராவின் புதுமை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் தம் 16 வகைகளுக்குள் 14 விதமான உறவுகளைக் கணக்கிட்டார். அவற்றில் 12 இருபுறமும் சமமானவை. நான் உனக்கு எதுவோ அதுவே நீ எனக்கு. எஞ்சிய இரண்டும் அப்படியல்ல. அவற்றில் பாதிப்பு ஒருதிசையில் மட்டுமே பாய்கிறது. மேலிருந்து கீழே வரும் நீரைப்போல.

அவ்விரண்டில் ஒன்று தணிக்கை. மற்றது 'ஸக்காஸ்'. தையற்காரரிடம் துணியைக் கொடுத்து இன்னபடி தைத்துத் தருக என்கிறோமே, அதற்கான ருஷ்யச் சொல் அது. தமிழில் 'ஏவல்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஏவுபவர் ஏதோ ஒன்றைப் போகிறபோக்கில் சொல்கிறார். ஏவப்படுபவருக்கு அது வேதவாக்காகிவிடுகிறது. அவரை மகிழ்விக்கவேண்டும் என்று ஓடுகிறார். ஏவியவரோ சொன்னதையே மறந்திருப்பார். ஏவப்பட்டவர் திரும்பச் சொல்வது ஏவியவரின் செவியில் விழுவதே இல்லை.

இலக்கிய வாசகர் இங்கே ஒரு கணம் நிற்கலாம். 'சமூக ஏவல்' என்ற சொற்சேர்க்கை ஔஷ்ராவுக்கு அகராதியிலிருந்து கிடைத்ததன்று. 1920களில் மாயகோவ்ஸ்கியைச் சூழ்ந்திருந்த 'லெஃப்' குழுவினர் பரப்பிய சொல் அது. கவிஞன் தன் மனவெழுச்சிக்காக எழுதுவதில்லை, சமூகம் அவனிடம் ஒன்றைக் கோருகிறது, அவன் செய்து கொடுக்கிறான் என்பது அவர்கள் வாதம். கவிதை செய்வது எப்படி என்பது குறித்து மாயகோவ்ஸ்கி 1926ல் எழுதிய கட்டுரையிலும் இக்கருத்து முதன்மையான இடம் பெறுகிறது. பத்தாண்டுக்குள் அந்த ஏவலைச் சமூகத்தின் பெயரால் அரசே பிறப்பிக்கத் தொடங்கியது. ஏவலும் தணிக்கையும் சோவியத் எழுத்தாளனின் வாழ்வின் இரு கதவுகள். ஒன்றின் வழியே கட்டளை நுழைந்தது, மற்றதன் வழியே அதிகாரி நுழைந்தார். (தமிழில் கணக்கைச் சரிபார்ப்பதும் நூலை வெட்டுவதும் ஆகிய இரண்டுக்கும் 'தணிக்கை' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ருஷ்யர்களுக்கு அவை வேறுவேறு சொற்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் மொழி அவர்களுடைய வரலாற்றுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது.)

திட்டமிட்ட பொருளாதாரத்தைப் பாடமாகப் படித்த ஒருவர் மனித உறவின் இரு நுண்மையான வடிவங்களுக்கு ஏவல், தணிக்கை என்று பெயரிட்டதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவரைச் சுற்றிலும் இருந்த சொற்கள் அவை. ஆனால் அச்சொற்களை வைத்து அவர் செய்தது அரசு செய்ததற்கு நேர்மாறானது.

அதைச் சொல்வதற்கு முன் தணிக்கை எப்படி நிகழ்கிறது என்று பார்க்கவேண்டும். ஔஷ்ராவின் வரைபடத்தில் ஒவ்வொரு வகைக்கும் எட்டு உளச்செயல்கள் எட்டு இடங்களில் அமைகின்றன. முதலிடத்தில் இருப்பது அவ்வகையினரின் இயல்பான பேராற்றல். நான்காமிடம் அவர்களுடைய மிக மெல்லிய தோல். பின்வந்த ருஷ்ய ஆய்வாளர்கள் அதை 'வலிக்கும் இடம்' என்றே அழைத்தனர். 'நோவிடம்' என்று வைத்துக்கொள்வோம். அங்கே படும் எந்தச் சொல்லையும் அம்மனிதரால் எடைபோட முடியாது, மறுத்துப் பேசவும் முடியாது. வெறுமனே வலிக்கும். தணிக்கை உறவு என்பது, ஒருவரின் முதலிடம் இன்னொருவரின் நோவிடமாக அமைந்துவிடுவது. முன்னவர் தன் இயல்பில் இருக்கிறார், அவ்வளவே. மூச்சுவிடுவதுபோல எளிதாக அவர் செய்யும் ஒன்று பின்னவரின் புண்ணில் சென்று படுகிறது. தணிக்கையாளருக்குப் பகைமை கிடையாது. பெரும்பாலும் அன்பும் அக்கறையுமே. இவ்வளவு திறமையுள்ள பிள்ளை இந்த ஒன்றை மட்டும் சரிசெய்துகொண்டால் எங்கேயோ போய்விடுவானே என்ற ஆதங்கம்.

20 ஆண்டுகளுக்கு மேலாக விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் இந்த வரியில் நான் சற்று நெளிந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி வளையத்துக்கு வருவோம். ஔஷ்ராவும் அவரைச் சூழ்ந்தவர்களும் வகைகளுக்கு எழுத்துக் குறியீடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல் பெயர்களும் வைத்தார்கள். அந்தப் பட்டியல் ஒரு சோவியத் நடுத்தரக் குடும்பத்தின் நூலக அலமாரிபோல இருக்கிறது. டான் கிஹோத்தே, ஹாம்லெட், தஸ்தாயெவ்ஸ்கி, பால்ஸாக், டூமா, ஹ்யூகோ, ஜாக் லண்டன், டிரைசர், மாக்சிம் கார்க்கி, யெசெனின். நடுவே நெப்போலியன், ரோபஸ்பியர், மார்ஷல் ஷூகோவ். பிரெஞ்சு நடிகர் ழான் கபானும் உண்டு. 1973ல் சோவியத் நாட்டையே தொலைக்காட்சிப் பெட்டி முன் அமர்த்திய உளவாளிக் கதைத்தொடரின் நாயகன் ஸ்டிர்லிட்ஸும் உண்டு. இவை வெறும் அடையாளப் பெயர்கள். அந்த எழுத்தாளரே அவ்வகையின் நிரூபணம் என்று கொள்ளக் கூடாது. ஆயினும் பெயர் வைத்தவர்கள் இலக்கியம் படித்தவர்கள். எனவே பெயர்கள் சும்மா இருப்பதில்லை.

16 வகைகளும் நந்நான்கு பேராக நான்கு தணிக்கை வளையங்களில் அமைகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டான் கிஹோத்தே மாக்சிம் கார்க்கியைத் தணிக்கை செய்கிறார். கார்க்கி நெப்போலியனை. நெப்போலியன் தஸ்தாயெவ்ஸ்கியை. தஸ்தாயெவ்ஸ்கி டான் கிஹோத்தேயை.

டான் கிஹோத்தே வகையினரின் பேராற்றல் சாத்தியங்களைக் காண்பது. இது இப்படியும் ஆகலாம், அது அப்படியும் ஆகலாம் என்று ஓயாமல் கதவுகளைத் திறப்பவர்கள். கார்க்கி வகையினர் ஒழுங்கின் மனிதர்கள். சட்டகத்தை வகுத்து அதைச் செயலில் நிலைநாட்டுபவர்கள். சோதிக்கப்படாத சாத்தியம் என்பதே அவர்களுடைய நோவிடம். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த வேளையில் ஒருவர் வந்து 'வேறுமாதிரியும் இருக்கலாமே' என்பதை அவர்களால் தாங்க முடியாது. அதே கார்க்கி வகையினரின் முரணற்ற தர்க்கம், உந்துதலாலும் ஆள்பிடிக்கும் திறத்தாலும் முன்னேறும் நெப்போலியன் வகையினரைச் சுடுகிறது. நேற்றுச் சொன்னதற்கும் இன்று செய்ததற்கும் தொடர்பு கேட்கப்படும் இடம் அவர்களுடைய நோவிடம். நெப்போலியனின் விழைவும் வலிமையும், மனிதருக்கிடையிலான நுண்மையான இழைகளை மட்டுமே அறிந்த தஸ்தாயெவ்ஸ்கி வகையினரை நிலைகுலையச் செய்கின்றன. இனி தஸ்தாயெவ்ஸ்கி வகையினர் எதையும் உரத்துச் சொல்வதில்லை. ஆனால் யார் மனம் எங்கே புண்பட்டது என்று அவர்கள் அறிவார்கள். டான் கிஹோத்தேக்கு அறவே தெரியாதது அதுதான்.

செர்வாந்தெஸின் நாவலில் ஆந்த்ரேஸ் என்ற சிறுவன் வருகிறான். எசமானன் அவனை மரத்தில் கட்டி அடிப்பதைக் கண்ட டான் கிஹோத்தே அதட்டி விடுவிக்கிறார். மாவீரனின் நீதி நிலைபெற்றது என்று மகிழ்ந்து குதிரையைத் தட்டுகிறார். அவர் தலை மறைந்ததும் சிறுவனுக்கு முன்னைவிடப் பலமடங்கு அடி விழுகிறது. பல அத்தியாயங்கள் கழித்து வழியில் எதிர்ப்படும் அச்சிறுவன், என்னைத் துண்டுதுண்டாக வெட்டுவதைக் கண்டாலும் தயவுசெய்து உதவிக்கு வராதீர்கள் என்கிற பொருளில் கேட்டுக்கொண்டு சாபமிட்டுச் செல்கிறான். உலகையே திருத்தப் புறப்பட்டவர் ஒரு சிறுவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கத் தெரியாதவர். அந்த நாவலிலேயே அவருடைய நோவிடம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அந்த இடத்தில் கைவைத்தவர் தஸ்தாயெவ்ஸ்கிதான் என்பது வரலாறு. 1868 ஜனவரியில் தன் சகோதரி மகளுக்கு எழுதிய கடிதத்தில், முழுமையாக அழகிய ஒரு மனிதனைப் படைக்க விரும்புவதாகவும், கிறித்தவ இலக்கியத்தில் அதற்கு மிக நிறைவான முன்மாதிரி டான் கிஹோத்தே என்றும், ஆனால் அவர் நகைப்புக்கிடமானவராக இருப்பதாலேயே அழகியவர் என்றும் தஸ்தாயெவ்ஸ்கி சொல்கிறார். அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தது 'அசடன்'. மிஷ்கின் அனுப்பிய சிறுகடிதத்தை அக்லாயா ஒரு தடித்த புத்தகத்துக்குள் செருகிவைக்கிறாள். பின்னர் பார்த்தால் அது டான் கிஹோத்தே. அடுத்தவர் நெஞ்சின் வலியைத் தன் வலியாக அறியும் ஒரு டான் கிஹோத்தேயாக மிஷ்கினை அவர் ஆக்கினார். திருத்தம் என்றால் இதுவல்லவா திருத்தம். அந்த மிஷ்கினாலும் எவரையும் காக்க முடியவில்லை என்பது நாவலின் கொடுமை.

நெப்போலியன் தஸ்தாயெவ்ஸ்கியைத் தணிக்கை செய்கிறார் என்பதற்கும் இதே அலமாரியில் சான்றிருக்கிறது. 1866ன் ரஸ்கோல்நிகோவ் கோடரியைத் தூக்கியது தான் ஒரு நெப்போலியனா இல்லையா என்று அறிவதற்குத்தான். வலிமை என்ற வினாவை அவ்வாசிரியர் ஏன் அவ்வளவு காய்ச்சலோடு திரும்பத் திரும்ப எழுதினார் என்பதற்கு ஔஷ்ராவின் வரைபடம் ஒரு விடையளிக்கிறது. அது ஒன்றே விடை என்று நான் சொல்லமாட்டேன். கார்க்கியும் தஸ்தாயெவ்ஸ்கியும் இவ்வளையத்தில் அண்டை வீட்டார் அல்லர், எதிரெதிர் மூலையினர். 1913ல் மாஸ்கோ கலை அரங்கம் தஸ்தாயெவ்ஸ்கியின் 'பேய்கள்' நாவலை மேடையேற்ற முனைந்தபோது அதை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர் அதே கார்க்கி. வகைப்பெயர் வேறு, மனிதர் வேறு என்று இப்போதுதான் எச்சரித்தேன். ஆனாலும் இப்படி ஒரு பொருத்தம் கண்ணில் படும்போது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. இந்தக் கோட்பாட்டின் கவர்ச்சியும் அபாயமும் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லில்தான் இருக்கின்றன.

ருஷ்ய மரபில் இத்தகைய பார்வைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1860ல் துர்கனேவ் ஆற்றிய உரையில் மனிதகுலத்தை ஹாம்லெட், டான் கிஹோத்தே என்ற இரு துருவங்களுக்கு இடையே வைத்தார். இரண்டும் வேண்டும் என்றார். ஔஷ்ராவின் அட்டவணையில் இவ்விருவரும் ஏவல் வளையம் ஒன்றில் அடுத்தடுத்து அமர்கிறார்கள். டான் கிஹோத்தே ஹாம்லெட்டை ஏவுகிறார், ஹாம்லெட் நெப்போலியனை, நெப்போலியன் ஸ்டிர்லிட்ஸை, ஸ்டிர்லிட்ஸ் மீண்டும் டான் கிஹோத்தேயை. கனவு காண்பவன் சொன்னதை உணர்ச்சிமிக்கவன் நாடகமாக்குகிறான். அதை வெற்றியாளன் கைப்பற்றுகிறான். நிர்வாகி ஒழுங்குசெய்கிறான். ஒழுங்கில் சலிப்பு தட்டியதும் புதிய கனவுக்குத் தேவை பிறக்கிறது. கீவ் நகரின் விக்டர் குலென்கோ இதிலிருந்து சமூக மாற்றத்தின் பருவங்களைப் பற்றியே ஒரு விதியை வகுத்தார். அது சற்று மிகை. ஒரு புரட்சியின் வரலாற்றை நான்கு பெயரில் அடக்கிவிட முடிந்தால் வரலாற்றுத் துறைகளை மூடிவிடலாம்.

தணிக்கை ஒருதிசையில்தான் பாயும் என்றபோது ஔஷ்ரா ஓர் ஏணியை வரைந்திருக்கலாம். அவர் வாழ்ந்த நாட்டில் தணிக்கைக்கு ஏணி வடிவம்தான் இருந்தது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனால் சரிபார்க்கப்படுவான். உச்சியில் இருப்பவனைச் சரிபார்க்க எவருமில்லை. ஆனால் அவருடைய கணக்கு வேறுவிதமாக விழுந்தது. நான்காவது ஆள் முதலாமவரைத் தணிக்கை செய்கிறார். உச்சி என்ற இடமே இல்லை. என்னைத் திருத்துபவரை என்னால் திருத்த முடியாது, உண்மைதான். அவரைத் திருத்துபவர் வேறொருவர் இருக்கிறார், அவரையும் ஒருவர் திருத்துகிறார், அந்த ஒருவர் என்னால் திருத்தப்படுபவர். நான் சொன்ன சொல் இரு கைகள் மாறி என்னைத் திருத்துபவரிடம் சென்று சேர்கிறது. நம்முடைய எளிய பிழையெல்லாம் திருத்தியவரிடமே பதிலடி கொடுக்க முயல்வதுதான் போலும். அது செல்லும் வழி அதுவல்ல.

இதை ஓர் அரசியல் கூற்றாக அவர் எழுதவில்லை. அவர் எழுத்தில் அரசைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் யுங்கின் நூல்கள் வெளிப்படையாக அச்சாகாத ஒரு நாட்டில் வாழ்ந்தபடி, எவருக்கும் இறுதித் தணிக்கையாளர் பதவியை அளிக்காத ஒரு சமூக வரைபடத்தை ஒருவர் அமைதியாக வரைந்து முடித்தார். கோகோலின் மேடையில் உண்மையான ரெவிஸோர் வந்ததும் திரை விழுந்துவிடுகிறது. அவரை யார் தணிக்கை செய்வார் என்று கேட்க நாடகத்தில் நேரமில்லை. ஔஷ்ராவின் வரைபடத்தில் அந்த வினாவுக்கு விடை உண்டு.

அவர் இன்னொன்றும் சொன்னார். தணிக்கையாளர் நம் நோவிடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அதே இடத்துக்கு வேறொருவரும் வருகிறார், அவர் 'துவால்', நம் இணை. டான் கிஹோத்தேயின் இணை டூமா வகையினர். உடலின் சுகமும் மனநிலைகளின் நயமும் அறிந்தவர்கள். அவர்கள் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. அந்தப் புண்ணின்மேல் துணியைப் போர்த்துவதுபோல அவ்வேலையைத் தாமே செய்துவிடுகிறார்கள், பேச்சே எழாமல். 'இடித்துரைத்தல்' என்ற அழகிய சொல் நம்மிடம் உண்டு. நட்புக்கும் அமைச்சுக்கும் உரிய கடமையாகவே அதைக் கருதி வந்திருக்கிறோம். இடித்துரைப்பவரால் வளர்ச்சி, இணையால் இளைப்பாறல் என்று இரண்டையும் ஔஷ்ரா தனித்தனி மனிதர்களிடம் வைத்தார். இரண்டையும் ஒருவரிடமே எதிர்பார்ப்பதில்தான் பல இல்லறங்கள் வீணாகின்றன என்பது அவர் எழுத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

சோவியத் ஒன்றியம் கலைந்த 1991ல் கீவில் இதற்கென ஒரு பன்னாட்டு நிறுவனம் தோன்றியது. ருஷ்ய மொழி வழங்கும் நாடுகளில் திருமண ஆலோசனை முதல் ஆள்தேர்வு வரை இது பரவியது. கல்விப்புல உளவியல் இதை அறிவியலாக ஏற்றதில்லை. ஏற்காதது சரியே என்பது என் கருத்து. ஒரே மனிதரை இரண்டு நிபுணர்கள் இருவேறு வகையில் வைக்கிறார்கள். அளவுகோலே ஆளுக்கொன்றாக இருக்கும்போது அளந்ததை எப்படி நம்புவது? யுங்கே தன் வகைப்பாட்டை மனிதர்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டும் பிள்ளைவிளையாட்டாக ஆக்கியவர்களைக் கடிந்து 1930களில் எழுதினார். அமெரிக்காவில் பிரிக்ஸ், மையர்ஸ் என்ற தாயும் மகளும் அதே நூலிலிருந்து வேறொரு 16 வகையை உருவாக்கி, தனிமனிதன் தன்னை அறிய ஒரு வினாத்தாள் செய்தார்கள். அது வணிகத்தில் பெருவெற்றி பெற்றது. வில்னியஸின் பெண்மணிக்குத் தனிமனிதன் தன்னை அறிவதில் பெரிய நாட்டமில்லை. இருவருக்கு நடுவே என்ன நிகழ்கிறது என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

தன்னை அவர் டான் கிஹோத்தே வகையென்றே வகைப்படுத்திக்கொண்டார். அவருடைய வரைபடத்தின்படியே பார்த்தால், மனிதருக்கு இடையிலான உறவுகள் என்பது அவ்வகையினரின் நோவிடம்.